இரைப்பையைச் சுருக்குவதா, குடலைத் திருப்புவதா: எடை குறைப்பு அறுவை சிகிச்சையில் எதைத் தேர்வது?

பெருந்துறைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருக்கும் என் பெரியம்மா மகள், 47 வயதில், கோவையில் எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர் ஒருவரின் முன்னால் உட்கார்ந்ததும் முதலில் சொன்னது இதுதான்: "பக்கத்து ஊட்டு அம்மிணிக்குச் செஞ்ச மாதிரியே எனக்கும் செஞ்சு உட்ருங்க சார். அவங்க 30 கிலோ இளைச்சிருக்காங்க." மருத்துவர் கிலோவைப் பற்றிப் பேசவில்லை. "ராத்திரி படுத்தா புளிச்ச தண்ணி மேல வருதுங்களா அம்மா?" என்று கேட்டார். "அது பதினஞ்சு வருசமா வருதுங்க. மூணு தலகாணி வெச்சுத்தான் படுப்பேன். அதுக்கும் இதுக்கும் என்னங்க?" என்றார் அக்கா. அந்த ஒரு பதிலிலிருந்து அவருடைய அறுவை சிகிச்சையின் வகையே மாறிவிட்டது.

எடை குறைப்பு அறுவை சிகிச்சை என்றால் ஒரே சிகிச்சை என்றும், யாருக்கு எவ்வளவு எடை குறைந்தது என்பதே அதன் தரத்தைச் சொல்லிவிடும் என்றும் நம் பக்கத்தில் பரவலாக நினைக்கிறார்கள். வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி எடுப்பதுதான் இது என்று நினைப்பவர்களும் உண்டு. அது லைப்போசக்‌ஷன் எனப்படும் அழகு சிகிச்சை, அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. இரைப்பையையும் சிறுகுடலையும் மாற்றியமைத்து, பசியையும் உணவு செரிக்கும் விதத்தையும் அதன் வழியாக உடல் சர்க்கரையைக் கையாளும் முறையையும் மாற்றுவதே இந்த அறுவை சிகிச்சை. அதில் நான்கைந்து வகைகள் இருக்கின்றன. அவற்றுக்கிடையே எடைக் குறைப்பில் இருக்கும் வித்தியாசம் பலர் எண்ணுவதைவிடச் சிறியது. மற்ற விஷயங்களில் இருக்கும் வித்தியாசமோ பெரியது. ஆகவே தேர்வை அந்த மற்ற விஷயங்களை வைத்துத்தான் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இன்று உலகில் மிக அதிகமாகச் செய்யப்படுவது ஸ்லீவ் எனப்படும் இரைப்பைச் சுருக்க அறுவை சிகிச்சை. ஏறத்தாழ விரல் பருமனுள்ள ஒரு குழாயை வாய் வழியாக இரைப்பைக்குள் இறக்கி, அதை அளவாக வைத்துக்கொண்டு, ஸ்டேப்ளர் கருவியால் இரைப்பையை நெடுக்காக வெட்டித் தைத்துக்கொண்டே போவார்கள். இரைப்பையில் 75 முதல் 80 சதவீதம் வரை வெளியே எடுக்கப்பட்டு, வாழைப்பழம் போல் வளைந்த ஒரு குழாய் மட்டும் மிஞ்சும். குடலில் கை வைப்பதில்லை. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெருமளவு சுரப்பது வெட்டி எடுக்கப்படும் மேல்பகுதியில்தான் என்பதால், உண்ணும் அளவோடு பசியும் குறைகிறது. இது முதலில் தனிச் சிகிச்சையாகத் தோன்றியதே அல்ல. மிகப் பருமனானவர்களுக்குப் பெரிய குடல்மாற்று அறுவை சிகிச்சையை ஒரே தடவையில் செய்வது ஆபத்து என்று, 2000-ஆம் ஆண்டையொட்டி அதை இரண்டு கட்டமாகப் பிரித்தார்கள். முதல் கட்டமாக இரைப்பையை மட்டும் குறைத்து அனுப்பியபோது பலருக்கு அதுவே போதுமான பலனைத் தந்ததால், அந்த முதல் கட்டம் தனிச் சிகிச்சையாக நிலைபெற்றது.

பைபாஸ் என்பது அதைவிடப் பழையது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் 1966-இல் தொடங்கியது பிறகு பல திருத்தங்களைக் கண்டு இன்றைய வடிவத்துக்கு வந்திருக்கிறது. இதில் இரைப்பையின் மேல்நுனியில் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பையை மட்டும் பிரித்து வைத்துக்கொள்கிறார்கள். சிறுகுடலை ஓரிடத்தில் வெட்டி, கீழ்முனையை மேலே தூக்கிவந்து அந்தப் பையோடு தைக்கிறார்கள். மீதி இரைப்பை, பித்தநீரும் கணையநீரும் வரும் மேல்குடல் இரண்டும் வெட்டி எறியப்படுவதில்லை. உணவு படாமல் உள்ளேயே இருந்து, கொஞ்சம் கீழே மறுபடி குடலோடு இணைகின்றன. கவட்டைக் குச்சியை நினைத்துக்கொண்டால் புரியும்: ஒரு கிளையில் உணவு வருகிறது, மறு கிளையில் செரிமான நீர் வருகிறது, இரண்டும் சேரும் அடித்தண்டில்தான் செரிமானம் முழுமையாக நடக்கிறது. ஊரில் "பைபாஸ்" என்றதும் எல்லோரும் இதய பைபாஸையே நினைக்கிறார்கள். இந்தக் குழப்பத்தின் விளைவைப் பிறகு சொல்கிறேன்.

இந்த இரண்டுக்கும் இடையில் மினி பைபாஸ் இருக்கிறது. 1997-இல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் ரட்லெட்ஜ் தொடங்கிய இந்த முறையில் இரைப்பையை நீண்ட குழாய் போன்ற பையாக்கி, குடலை வெட்டாமலே வளைத்துத் தூக்கி ஒரே இடத்தில் இணைக்கிறார்கள். இரண்டு இணைப்புக்குப் பதில் ஒரே இணைப்பு என்பதால் அறுவை நேரம் குறைகிறது. இந்தியாவில் இது நிறையச் செய்யப்படுகிறது. "மினி" என்ற பெயரைக் கேட்டு இதைச் சின்ன ஆபரேஷன் என்று நினைத்துவிடக் கூடாது. வழக்கமான பைபாஸைவிட இதில் அதிகக் குடல், பெரும்பாலும் 150 முதல் 200 சென்டிமீட்டர் வரை, உணவுப் பாதையிலிருந்து விலக்கப்படுகிறது. பிரான்சில் 253 பேரிடம் இரண்டு பைபாஸ் முறைகளையும் ஒப்பிட்டு 2019-இல் வெளியான யோமேகா ஆய்வில், இரண்டு ஆண்டு முடிவில் எடைக் குறைப்பு ஏறத்தாழ சமமாகவே இருந்தது. ஊட்டச்சத்துக் குறைபாட்டால் வந்த தொந்தரவுகள் மட்டும் மினி பைபாஸ் செய்தவர்களிடம் அதிகமாக இருந்தன. பித்தநீர் இரைப்பைப் பையின் வாயிலிலேயே வந்து சேர்வதால், சிலருக்கு அது மேலேறி எதுக்களிக்கும் வாய்ப்பும் இருக்கிறது.

குடலை இன்னும் அதிகமாகத் திருப்பும் டியோடினல் சுவிட்ச் போன்றவை மிக அதிக எடை கொண்டவர்களுக்கும், சத்துக் குறைபாட்டை வாழ்நாள் முழுக்கக் கண்காணிக்கும் வசதி உள்ளவர்களுக்கும்தான். இரைப்பையைச் சுற்றிப் பட்டை கட்டும் முறை ஒரு காலத்தில் பேர் பெற்றிருந்தது. பட்டை நழுவுவதும் இரைப்பைச் சுவரை அரித்து உள்ளே போவதுமாக மறுபடி மறுபடி அறுவை தேவைப்பட்டதால் இப்போது ஏறக்குறைய கைவிடப்பட்டுவிட்டது. எண்டோஸ்கோப்பி வழியாக வைக்கப்படும் பலூன் அறுவை சிகிச்சையே அல்ல. பெரும்பாலான பலூன்களைச் சுமார் ஆறு மாதத்தில் எடுத்துவிட வேண்டும், எடுத்தபின் எடை திரும்புவது சாதாரணம். கல்யாணத்துக்கு முன் இளைக்க வேண்டும் என்று வருபவர்களுக்கு அதை விளம்பரம் செய்வது எனக்கு உடன்பாடில்லை.

இனி கிலோ கணக்கைப் பார்ப்போம். ஸ்லீவ், பைபாஸ் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகளில் முக்கியமானது பின்லாந்தில் 240 பேரிடம் நடந்த ஸ்லீவ்பாஸ் ஆய்வு. ஐந்து ஆண்டு முடிவில், கூடுதல் எடையில் ஸ்லீவ் செய்தவர்கள் சராசரியாக 49 சதவீதத்தையும் பைபாஸ் செய்தவர்கள் 57 சதவீதத்தையும் இழந்திருந்தார்கள். அக்காவின் உயரம் 156 சென்டிமீட்டர், எடை 104 கிலோ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. குறியீடு ஏறத்தாழ 43. அவருடைய உயரத்துக்கு பி.எம்.ஐ. 25 என்பது சுமார் 61 கிலோ என்பதால், கூடுதல் எடை 43 கிலோ. அந்தச் சராசரியை இவருக்குப் பொருத்திப் பார்த்தால் ஸ்லீவில் 21 கிலோ, பைபாஸில் 24 அல்லது 25 கிலோ. மூன்றரைக் கிலோதான் வித்தியாசம். ஓர் ஆண்டில் 30 கிலோ இளைத்த பக்கத்து வீட்டுக்காரர் ஐந்தாம் ஆண்டில் எங்கே நிற்பார் என்பதும் இந்தக் கணக்கில் அடங்கியிருக்கிறது, ஏனென்றால் எந்த வகையிலும் முதல் ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு கொஞ்சம் எடை திரும்புவது இயல்பு.

இப்போது அதே ஆய்வில் எடைக்கு அப்பால் இருப்பதைப் பாருங்கள். பத்து ஆண்டு கழித்து எண்டோஸ்கோப்பி செய்தபோது, உணவுக்குழாயில் அமிலப் புண் ஸ்லீவ் செய்தவர்களில் 31 சதவீதம் பேருக்கும் பைபாஸ் செய்தவர்களில் 7 சதவீதம் பேருக்கும் இருந்தது. சுவிட்சர்லாந்தில் நடந்த இன்னொரு ஆய்விலும் ஐந்து ஆண்டில் நெஞ்செரிச்சல் மோசமானது ஸ்லீவில் 32 சதவீதம், பைபாஸில் 6 சதவீதம் என்றே வந்தது. ஸ்லீவில் மிஞ்சும் குழாய் குறுகலானது. அதன் கீழ்வாய் இறுக்கமாகவே இருக்கிறது. உள்ளே அழுத்தம் கூடும்போது அமிலத்துக்கு மேலே போவதைத் தவிர வழியில்லை. பைபாஸில் பைக்குள் அமிலம் மிகக் குறைவாகவே சுரக்கிறது, பித்தநீர் நெடுந்தூரம் கீழே தள்ளி வைக்கப்படுகிறது. ஆகவே பழைய எதுக்களிப்பு உள்ளவருக்கு பைபாஸ் ஒருவகையில் அதற்கான மருந்தும் ஆகிறது. அக்காவுக்கு எண்டோஸ்கோப்பி செய்தபோது இரைப்பையின் மேல்நுனி உதரவிதானத்தின் வழியே நெஞ்சுக்குள் ஏறியிருந்ததும், உணவுக்குழாயின் அடியில் புண் இருந்ததும் தெரிந்தன. பதினைந்து ஆண்டாக அவர் வாயுத் தொந்தரவு என்று சொல்லி ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது இதற்குத்தான். எண்டோஸ்கோப்பி செய்யாமலே ஸ்லீவுக்குத் தேதி கொடுக்கும் இடம் எதுவானாலும், அங்கிருந்து எழுந்து வந்துவிடுவதே நல்லது.

இரண்டாவது கேள்வி சர்க்கரை நோய். பைபாஸுக்குப் பிறகு, எடை குறையத் தொடங்கும் முன்பே, சில நாட்களில் சர்க்கரை அளவு இறங்குவதைப் பார்க்கலாம். உணவு மேல்குடலைத் தவிர்த்து விரைவாகக் கீழ்குடலை அடையும்போது ஜி.எல்.பி.-1 போன்ற ஹார்மோன்கள் அதிகம் சுரந்து இன்சுலினைத் தூண்டுவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். ஸ்லீவிலும் இது நடக்கிறது, ஆனால் குறைவாக. அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் 150 பேரிடம் நடந்த ஸ்டாம்பீட் ஆய்வின் ஐந்தாண்டு முடிவு 2017-இல் வெளிவந்தது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு 6-க்குள் வந்தவர்கள் பைபாஸில் 29 சதவீதம், ஸ்லீவில் 23 சதவீதம், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 சதவீதம். "ஆபரேஷன் செஞ்சா சுகர் போயிரும்" என்று சொல்லப்படுவதை இந்த எண்களோடு வைத்துப் பார்க்க வேண்டும். அறுவை செய்தவர்களிலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவர்களுக்கு அந்த இலக்கு கிடைக்கவில்லை. மாத்திரை குறைந்தது, இன்சுலின் நின்றது, அதுவும் பெரிய பலன்தான், ஆனால் நோய் போய்விட்டது என்பது வேறு.

யாருக்குப் போகும் என்பதற்கும் ஒரு கணிப்பு இருக்கிறது. நோய் வந்து எத்தனை ஆண்டு, எத்தனை வகை மாத்திரை, இன்சுலின் உண்டா, ஹெச்பிஏ1சி எவ்வளவு என்ற நான்கையும் வைத்து அதே மருத்துவமனையின் மருத்துவர்கள் வகுத்த முறையில், நோய் இளசாக இருப்பவர்களுக்கு ஸ்லீவ், பைபாஸ் இரண்டுமே நன்றாக வேலை செய்கின்றன. முற்றிப்போனவர்களுக்கு இரண்டும் முழுப் பலன் தருவதில்லை. நடுவில் இருப்பவர்களுக்குத்தான் பைபாஸ் தெளிவாக முந்துகிறது. ஒன்பது ஆண்டாகச் சர்க்கரை, மூன்று வகை மாத்திரை, இன்சுலின் இல்லை, ஹெச்பிஏ1சி 8.6 என்றிருந்த அக்கா சரியாக இந்த நடுவில்தான் இருந்தார், அவருக்கு பைபாஸே செய்தார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கோ சர்க்கரை வந்து இரண்டு ஆண்டு, ஒரே மாத்திரை, நெஞ்செரிச்சல் கிடையாது, ஆனால் ரத்தச்சோகை இருந்தது. அவருக்கு ஸ்லீவ் செய்தது சரி.

ரத்தச்சோகை எப்படி இதில் வருகிறது என்பதை விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கொங்கு நாட்டுப் பெண்களுக்கு இது வெறும் அடிக்குறிப்பு அல்ல. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40 சதவீதம் பேர் அதிக எடையோ பருமனோ கொண்டவர்கள் என்று வந்தது; அதே ஆய்வில் அதே வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தச்சோகை. உடம்பு பருத்திருப்பதும் ரத்தம் குறைந்திருப்பதும் ஒரே பெண்ணிடம் சேர்ந்திருப்பது இங்கே சாதாரணம். இரும்புச்சத்து உறிஞ்சப்படுவது சிறுகுடலின் முதல் பகுதியில். பைபாஸில் உணவு தவிர்ப்பது அதே பகுதியைத்தான். பி12 உறிஞ்சப்படுவதற்கு இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதம் தேவை. ஸ்லீவிலும் பைபாஸிலும் அது குறைகிறது. கால்சியம் கரைய அமிலம் வேண்டும். அதனால்தான் பைபாஸுக்குப் பிறகு கால்சியம் கார்பனேட்டைவிட கால்சியம் சிட்ரேட் மாத்திரையை எழுதிக் கொடுக்கிறார்கள். இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் சேர்த்து விழுங்கக் கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், இரும்பு மாத்திரையோடு காப்பி, டீ கூடாது. மாதவிலக்கு அதிகமாகப் போகும் 35 வயதுப் பெண், ஏற்கெனவே ஹீமோகுளோபின் 9 என்றிருப்பவர், மினி பைபாஸ் செய்துகொண்டு இரண்டாம் ஆண்டே மாத்திரையை நிறுத்திவிட்டால், இளைத்த உடம்போடு படியேற முடியாமல் மூச்சு வாங்கும் நிலைக்கு வருவார். அவருடைய வீட்டில், "கொழுத்த ஒடம்பா இருந்தப்பவே நல்லா இருந்தே" என்பார்கள்.

அடுத்தது புரதம். எந்த வகை செய்தாலும் நாளுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும், இல்லையென்றால் கொழுப்போடு தசையும் கரையும், முடி கொட்டும். ஒரு வேளைக்கு ஒரு சின்னக் கிண்ணம்கூடக் கொள்ளாத வயிற்றை வைத்துக்கொண்டு 60 கிராமை எட்டுவது எளிதல்ல. நம் வீடுகளில் காலையில் இட்லி, மதியம் சோறு, இரவில் தோசை அல்லது சந்தகை என்று மூன்று வேளையும் மாவுச்சத்தே நிறைந்திருக்கிறது. அரிசியும் பருப்பும் சாதத்தில்கூட பருப்பைவிட அரிசிதான் அதிகம். முட்டைக்குப் பேர்போன நாமக்கல் பக்கத்திலேயே இருந்தாலும் ஒரு முட்டையில் இருப்பது 6 கிராம் புரதம்தான். "இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று சொல்லிவைத்த ஊரில், 100 கிராம் கொள்ளில் ஏறத்தாழ 22 கிராம் புரதம் இருக்கிறது என்பது பயன்படும் செய்தி. ஆனால் கொள்ளு ரசத்தில் அது இறங்காது, வேகவைத்துக் கடைந்த கொள்ளுப் பருப்பாகத்தான் சாப்பிட வேண்டும். முழுச் சைவக் குடும்பத்தவரும், புரட்டாசி மாதம் முழுக்க முட்டையைக்கூடத் தொடாதவர்களும், அந்த நாட்களில் தயிர், பனீர், பயறு, தேவையானால் புரதப் பொடி என்று எப்படிக் கணக்கை நேர்செய்யப் போகிறார்கள் என்பதை அறுவைக்கு முன்பே உணவியல் நிபுணரோடு உட்கார்ந்து எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். சத்து குறையக் குறைய அதிகம் பாதிப்பது அதிகக் குடலைத் திருப்பும் வகைகள் என்பதால், இந்த எழுதிய காகிதமே வகையைத் தேர்வதற்கும் ஓர் ஆதாரம் ஆகிறது.

இனிப்பும் இதில் பேசுகிறது. அக்கா அறுவைக்குப் பின் நான்காம் மாதம், வீட்டு விசேஷம் ஒன்றில் ஒப்புட்டு ஒன்றை முழுதாகச் சாப்பிட்டார். பதினைந்து நிமிடத்தில் நெற்றியெல்லாம் வேர்த்து, நெஞ்சு படபடத்து, கை நடுங்கி, பந்தியை விட்டு எழுந்துபோய்த் திண்ணையில் படுத்துவிட்டார். பைபாஸில் இரைப்பையின் கீழ்வாய் என்ற மதகு இல்லாததால் சர்க்கரை மொத்தமாகக் குடலுக்குள் இறங்கி, உடலின் நீரை உள்ளிழுத்து, இந்தத் தொந்தரவைத் தருகிறது, டம்பிங் என்பார்கள். அவருக்கு அது பெரிய பயத்தைக் கொடுத்தது, அந்தப் பயமே அதற்குப் பிறகு இனிப்பிலிருந்து அவரைக் காத்தது. ஸ்லீவில் இது குறைவு. தெருமுனைக்கு ஒரு பேக்கரி இருக்கும் கோவையிலும் திருப்பூரிலும் ஸ்லீவ் செய்தவர் ஒருவர் தேங்காய் பன்னையும் மில்க் ஷேக்கையும் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ள முடியும். குறுகிய குழாய் கெட்டி உணவைத் தடுக்குமே தவிர திரவத்தைத் தடுக்காது. இனிப்பு கொறிப்பதே எடைக்குக் காரணம் என்று தெரிந்தவர் இதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மறைக்காமல் சொல்ல வேண்டியவை இன்னும் இரண்டு. ஒன்று வலி மாத்திரை. நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் தறிக்காரர், பனியன் கம்பெனித் தொழிலாளி, மூட்டு தேய்ந்த தோட்டக்காரர் என்று பலர் டைக்ளோஃபெனாக், இப்யூப்ரோஃபென் வகை மாத்திரைகளை மருந்துக் கடையில் கேட்டு வாங்கி ஆண்டுக்கணக்கில் விழுங்குகிறார்கள். பைபாஸ் இணைப்பில் புண் வந்து ஓட்டை விழுவதற்கு இந்த மாத்திரைகளும் புகையும் முதன்மைக் காரணங்கள். இவற்றை விட முடியாதவருக்கு பைபாஸ் ஏற்றதல்ல. மற்றொன்று மது. இந்த அறுவைகளுக்குப் பிறகு, முக்கியமாக பைபாஸுக்குப் பிறகு, சாராயம் மிக வேகமாக ரத்தத்தில் ஏறுகிறது. முன்பு சமாளித்த அளவே இப்போது அளவுக்கு மீறிய போதையாகிறது, குடிக்கு அடிமையாகும் அபாயமும் கூடுவது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது.

பயமும் நியாயமானதே, அதற்கும் எண்கள் உண்டு. அனுபவமுள்ள மையங்களில் அறுவைக்குப் பின் ஒரு மாதத்துக்குள் இறப்பு ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவில் இருக்கிறது. பித்தப்பை எடுப்பதற்கு ஒப்பானது. ஸ்லீவின் தையல் நீளமானது, கசிவு வந்தால் பெரும்பாலும் உணவுக்குழாய் சேரும் மேல்முனையில் வரும், ஆறுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். கசிவு நூற்றில் ஒருவருக்கு என்ற அளவில்தான், ஆனால் வந்தவருக்கு அது பெரும் பாடு. காலில் ரத்தம் உறையாமலிருக்க அன்று மாலையே எழுப்பி நடக்க வைப்பார்கள். மருத்துவர் சி. பழனிவேலு போன்றோர் 1990-களிலேயே லேப்ராஸ்கோப்பி முறையை வளர்த்த ஊர் கோவை என்பதால், துளைவழி அறுவையில் கைதேர்ந்தவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. ஆனால் ஒவ்வொருவரும் தமக்குக் கைவந்த வகையையே அதிகம் செய்கிறார்கள். ஆகவே, "எனக்கு ஏன் இது, ஏன் அது இல்லை?" என்று கேட்டு, அதற்கு உங்கள் பரிசோதனை முடிவுகளை வைத்துப் பதில் சொல்கிறாரா என்று பார்ப்பது நோயாளியின் உரிமை.

பணமும் தேர்வைத் தீர்மானிக்கிறது. சர்வதேச மருத்துவ அமைப்புகள் 2022-இல் திருத்திய வழிகாட்டுதல் ஆசியர்களுக்கு பி.எம்.ஐ. 27.5 முதலே இந்தச் சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்கிறது. அதே எடையில் வெள்ளையரைவிட நமக்கு வயிற்றுக்குள் கொழுப்பு அதிகம் சேர்வதும், சர்க்கரை நோய் முன்கூட்டியே வருவதும் இதற்குக் காரணம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்திருக்கும் நிபந்தனையோ வேறு: பி.எம்.ஐ. 40, அல்லது 35-உடன் இதயநோய், கடுமையான தூக்க மூச்சுத்தடை, கட்டுப்படாத சர்க்கரை போன்றவற்றில் ஒன்று, அதோடு மற்ற முயற்சிகள் பலனளிக்காமல் போயிருக்க வேண்டும். பி.எம்.ஐ. 33-உம் கட்டுப்படாத சர்க்கரையும் உள்ள ஈரோட்டு வியாபாரிக்கு மருத்துவ வழிகாட்டுதல் அறுவை செய்யலாம் என்கிறது, காப்பீடு பணம் தர முடியாது என்கிறது. அவர் கைக்காசில் செய்யும்போது விலை குறைந்ததைத் தேடுகிறார். நோய்க்கு ஏற்றதைச் செய்யப் பணம் போதவில்லை என்றால், கைக்கு எட்டிய வேறொரு வகையை அவசரமாகச் செய்துகொள்வதைவிட ஓர் ஆண்டு பொறுத்து மருந்தில் இருப்பது மேல் என்றே சொல்வேன். 2025-இல் எடை குறைக்கும் மவுஞ்சாரோ, வெகோவி ஊசிகள் இந்தியச் சந்தைக்கு வந்தபின் அந்தப் பொறுத்திருத்தலுக்கும் ஒரு வழி கிடைத்திருக்கிறது; ஆய்வுகளில் அவை மொத்த உடல் எடையில் 15 முதல் 20 சதவீதம் வரை குறைத்தன, அறுவையில் முதல் ஒன்றிரண்டு ஆண்டில் 25 முதல் 30 சதவீதம் குறைகிறது. ஊசியை நிறுத்தினால் பெரும்பாலோருக்கு எடை திரும்புகிறது.

கடைசியாக, தூரம். வால்பாறையிலிருந்து ஆழியாறு இறங்க 40 கொண்டை ஊசி வளைவுகள். தாளவாடியிலிருந்து சத்தியமங்கலத்துக்கு மலை இறங்க வேண்டும். பைபாஸ் செய்தவருக்கு எத்தனை ஆண்டு கழித்தும் குடல், உள்ளே உருவான இடைவெளியில் புகுந்து முறுக்கிக்கொள்ளும் வாய்ப்பு இருக்கிறது. அப்போது வயிற்றில் வெட்டி இழுப்பது போல் வலி வரும், சில மணி நேரத்தில் குடலுக்கு ரத்தம் நின்றுவிடலாம். ஸ்லீவில் குடலைத் தொடாததால் இந்த ஆபத்து இல்லை. மலையில் இருப்பவருக்கு இது சாதாரண வேறுபாடு அல்ல. இன்னொன்றும் உண்டு: அறுவைக்குப் பின் பல நாள் வாந்தி எடுத்துச் சோர்ந்தவரை உள்ளூர் கிளினிக்குக்குக் கொண்டுபோனால், முதலில் குளுக்கோஸ் ஏற்றுவார்கள். வாந்தியால் தயமின் என்ற வைட்டமின் வற்றிப்போன உடம்பில் அதை ஈடுசெய்யாமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். தயமின் ஊசியை முதலில் போட வேண்டும். இதை வீட்டில் ஒருவராவது தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அக்காவுக்குப் பதினோராம் மாதம், ஓர் இரவு பத்தரை மணிக்கு, மேல்வயிற்றில் வலி வந்தது. மாமா பக்கத்து ஊர் மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், "பைபாஸ் பண்ணியிருக்குதுங்க" என்று சொல்ல, பணியிலிருந்த இளம் மருத்துவர் இதய பைபாஸ் என்று புரிந்துகொண்டு இ.சி.ஜி. எடுக்கச் சொன்னார். வலி மாத்திரைக்கும் சீட்டு எழுதத் தொடங்கினார். அறுவை நடந்தபோதே, குடலை எங்கே எப்படி இணைத்தோம் என்று படம் வரைந்து கொடுத்த ஒரு தாளை அக்கா பையில் வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் மருத்துவர் சீட்டைக் கிழித்துவிட்டு, அந்த அறுவை நிபுணரிடமே தொலைபேசியில் பேசி, கோவைக்கு அனுப்பினார். ஸ்கேனில் குடல் முறுக்கிக்கொள்ளவில்லை. வேகமாக இளைப்பவர்களுக்கு வரும் பித்தப்பைக் கற்கள் இருந்தன. முதல் ஆறு மாதம் கல் வராமலிருக்கக் கொடுத்த மாத்திரையை அவர் மூன்றாம் மாதமே நிறுத்தியிருந்தார். சாதாரணமானவருக்குக் கல் பித்தக்குழாயில் இறங்கினால் வாய்வழியாகக் கருவியை விட்டு எடுத்துவிடலாம். பைபாஸ் செய்தவருக்கு அந்தப் பாதையே அடைபட்டிருப்பதால் அது மிகக் கடினம். அதனால் கல் இறங்கும்வரை காத்திராமல் அந்த வாரமே பித்தப்பையை எடுத்துவிட்டார்கள். இப்போது அவருடைய எடை 77 கிலோ, சர்க்கரைக்கு ஒரே மாத்திரை, தலையணையும் ஒன்றே. அந்தத் தாளின் நகலை மாமா தன் சட்டைப்பையிலும் வைத்திருக்கிறார்.